ரத்தம் ஏத்தாம பெரிய ஆபரேஷன் பண்ண முடியுமா? (ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் பதில்கள்)

கேள்வி, மார்ச் 3, ஞாயிறு

அம்மாவுக்கு 46 வயசு. கர்ப்பப்பையில கட்டி, மாசாமாசம் பத்து நாளைக்கு மேல போகுது. எச்.பி (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) 7.2. கர்ப்பப்பையை எடுத்துரணும்னு சொல்லிட்டாங்க, வர்ற வாரமே ஆபரேஷன், அதுக்குள்ள மூணு யூனிட் ரத்தத்துக்கு ஆள் ரெடி பண்ணச் சொல்றாங்க. அம்மா ஓ நெகட்டிவ். தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் கேட்டாச்சு, கிடைக்கல. ரத்தமே ஏத்தாம ஆபரேஷன் பண்ற முறை இருக்குன்னு கூட வேலை பாக்குறவர் சொல்றார். நிஜமா, இல்ல வாட்ஸப் கதையா?

மார்ச் 3, இரவு 10.15

நிஜம் தம்பி. ஆனா நாளைக்கே போய் "ரத்தமில்லாம பண்ணுங்க"ன்னு நின்னா யாரும் பண்ண மாட்டாங்க, பண்ணவும் கூடாது. வயித்தைத் திறந்து கர்ப்பப்பை எடுத்தா சாதாரணமாவே சில நூறு மில்லி போகும். எச்.பி 12 இருக்குறவங்களுக்கு அது ஒண்ணுமே தெரியாது, ரெண்டு நாள்ல எந்திரிச்சு நடப்பாங்க. 7ல இருக்குறவங்களுக்கு அதே ரத்தம் போனா பொழைக்கிறதே பெரும்பாடு.

நான் டாக்டர் இல்ல. தியேட்டர் ஸ்டாஃப் நர்ஸ், அரசு ஆஸ்பத்திரியில ரொம்ப வருஷம், இப்ப தனியார்ல. என் அனுபவத்துல நீங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி இது: "டாக்டர், இந்த ஆபரேஷன் இந்த வாரமே ஆகணுமா, ஒரு மாசம் தள்ளலாமா?" புத்துநோய் சந்தேகம் இல்ல, நிக்காத ரத்தப்போக்கு இல்லன்னா பெரும்பாலும் தள்ளலாம். அந்த ஒரு மாசத்துல மருந்து குடுத்து போக்கை நிப்பாட்டி, இரும்புச்சத்தை ஊசியா ஏத்தி, எச்.பியை 10, 11 பக்கம் கொண்டு வந்துட்டா மூணு யூனிட்டுக்கும் அநேகமா வேலை இருக்காது. ஒரு யூனிட்டை கிராஸ் மேட்ச் பண்ணி, அதாவது அம்மா ரத்தத்தோட சேருதான்னு பார்த்து, பிளட் பேங்க்ல வச்சுக்கிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம்.

ரத்தம் ஏத்தாம பண்றதுங்கிற விஷயத்துல முக்காவாசி வேலை ஆபரேஷனுக்கு முந்தின அந்த நாலு வாரத்துலயே முடிஞ்சிருது. தியேட்டர்ல நாங்க பண்றது மிச்சம் கால்வாசிதான்.

மார்ச் 4, காலை

நைட் டூட்டி முடிஞ்சு பஸ்ல உக்காந்து எழுதுறேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

இரும்பு ஊசின்னா எவ்வளவுன்னு கேட்டீங்க. டாக்டர்ங்க ஒரு கணக்கு போடுவாங்க. உடம்பு எடையை, எத்தனை பாயிண்ட் எச்.பி ஏறணுமோ அதால பெருக்கி, மறுபடி 2.4ஆல பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்டணும். அம்மா 50 கிலோன்னு வச்சுக்குவோம், 7ல இருந்து 11க்குப் போகணும்னா நாலு பாயிண்ட், 50 × 4 × 2.4 = 480, கூட 500, மொத்தம் 980 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸ்னா ஒரு தடவைக்கு 200 வீதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அஞ்சு தடவை டிரிப் போடணும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்னு இன்னொண்ணு இருக்கு, அது 1000 மில்லிகிராமையும் கால்மணி நேரத்துல ஒரே டிரிப்பா ஏத்திரலாம், விலைதான் அதிகம். எதுவா இருந்தாலும் எச்.பி மறுநாளே ஏறாது. எலும்பு மஜ்ஜை புது செல்லு செஞ்சு வெளிய விடணும்ல, மூணு நாலு வாரத்துல ரெண்டு மூணு பாயிண்ட் ஏறும்.

ஓட்டையை அடைக்காம தொட்டியில தண்ணி ஊத்தி பிரயோஜனம் இல்ல. அதனால போக்கை நிப்பாட்டுறது கட்டாயம். டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, இல்லன்னா மாசத்துக்கு ஒண்ணு போடுற லியூப்ரோலைட் ஊசி. இந்த ஊசி மாதவிடாயவே நிறுத்திரும், கட்டியும் சுருங்கும், கட்டி சுருங்குனா ஆபரேஷன்ல போற ரத்தமும் குறையும். எது ஒத்துக்கும்னு டாக்டர்தான் சொல்லணும், முன்னாடி காலு ரத்தக்குழாய்ல அடைப்பு வந்திருந்தா மறக்காம சொல்லிருங்க.

மார்ச் 4, மதியம்

பீட்ரூட் ஜூஸ் பத்தி கீழே மூணு பேர் எழுதியிருக்காங்க. நிறம் சிவப்பு, அவ்வளவுதான், அதுல இரும்பு 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் கூட தேறாது. நம்ம ஊர்ல ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி மிளகு போட்டு வதக்கிக் குடுப்பாங்க பாருங்க, அது நல்ல இரும்பு, உடம்பு சட்டுனு எடுத்துக்கும். சைவம்னா கீரை, கேழ்வரகு, பயறு, கூடவே ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ. சாப்பிட்ட உடனே டீ, காபி வேண்டாம், சாப்பாட்டுல இருக்குற இரும்பு உள்ள போக விடாது. பூச்சி மாத்திரையும் ஒண்ணு போட்டுருங்க, வெறுங்காலோட வயக்காட்டுக்குப் போறவங்களுக்கு கொக்கிப்புழு தினமும் ரத்தம் குடிச்சிக்கிட்டே இருக்கும்.

ஆனா 7.2க்கு சாப்பாடு மட்டும் போதாது. ஊசி போட்டு ஏத்துனதை திரும்ப எறங்காம வச்சுக்கத்தான் சாப்பாடு.

மார்ச் 6

"இதெல்லாம் யாரு கண்டுபிடிச்சது, வெளிநாட்டு மருந்துக்கம்பெனி வேலையா"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இல்லைங்க. டாக்டர்களை இந்த வழிக்குத் தள்ளுனது நோயாளிகள். யெகோவாவின் சாட்சிகள்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு, ரத்தம் ஏத்திக்கிறது வேதத்துக்கு விரோதம்னு 1945ல இருந்து சொல்றாங்க. உயிரே போனாலும் வேண்டாம்ங்கிற ஆட்கள். பெரும்பாலான சர்ஜன்கள் அவங்களைத் தொடவே மாட்டேன்னாங்க. அமெரிக்காவுல ஹூஸ்டன்ல டென்டன் கூலிங்கிற இதய சர்ஜன் சரின்னார்.

அந்தக் காலத்துல இதயத்தைத் திறக்கணும்னா, இதயத்துக்குப் பதிலா ரத்தத்தை ஓட்டுற பம்ப் மெஷினை நிரப்பவே பல யூனிட் அடுத்தவங்க ரத்தம் வேணும். ஆபரேஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவ்வளவு. கூலி குழு 1962ல மெஷினை ரத்தத்துக்குப் பதிலா 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது நாம வார்டுல தொங்க விடுற குளுக்கோஸ் தண்ணியை வச்சே நிரப்பலாம்னு எழுதுனாங்க. அதுக்கப்புறம் சாட்சிகளுக்கும் இதய ஆபரேஷன் நடந்துச்சு. 1977ல 542 பேரோட கணக்கை வெளியிட்டாங்க, பிறந்து ஒரு நாளான பிள்ளையில இருந்து 89 வயசு வரைக்கும் ஆளுங்க. முதல் மாசத்துல இறந்தவங்க 9.4 சதவீதம், அதுல ரத்தம் போனதே நேரடிக் காரணமா இறந்தவங்க மூணே பேர். அந்தக் கால இதய ஆபரேஷனுக்கு இது நம்பவே முடியாத கணக்கு.

அவங்க நம்பிக்கையை நான் ஏத்துக்கிறனா இல்லையாங்கிறது வேற. ஆனா அவங்க பிடிவாதத்தால சர்ஜன்கள் கத்துக்கிட்ட சிக்கனம் இன்னிக்கு எல்லாருக்கும் கிடைக்குது, அதுக்கு நான் மனசார நன்றி சொல்லுவேன்.

மார்ச் 10, ஞாயிறு

இதுக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கி எழுதுறேன். நான் கூட நின்ன ஒரு கேஸ்.

ஒரு டீச்சர், சாட்சி, இடுப்பு மூட்டு தேஞ்சு போய் நடக்க முடியல. வேற ஒரு ஆஸ்பத்திரியில "ரத்தம் வேண்டாம்னா ஆபரேஷனும் கிடையாது, கையெழுத்து போட்டுட்டு கிளம்புங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எங்ககிட்ட வந்தப்ப பர்ஸ்ல இருந்து ரத்தம் வேண்டாம்னு எழுதின ஒரு அட்டையை எடுத்து முதல்ல மேஜை மேல வச்சாங்க, அப்புறம்தான் எக்ஸ்ரே கவரை எடுத்தாங்க.

எங்க அனஸ்தீசியா டாக்டர் ஒரு காரியம் பண்ணினார், எனக்கு அது ரொம்பப் பிடிச்சது. புருஷன், சொந்தக்காரங்க, சபைக்காரங்க எல்லாரையும் வெளிய உக்கார வச்சுட்டு அந்தம்மாகிட்ட மட்டும் பேசினார், நான் பக்கத்துல. ஒவ்வொண்ணா கேட்டார். சிவப்பணு? வேண்டாம். பிளாஸ்மா? வேண்டாம். பிளேட்லெட்? வேண்டாம். ஆல்புமின், அதாவது ரத்தத்துல இருந்து பிரிச்செடுக்குற புரதம்? யோசிச்சு, சரி. உங்க ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சு திருப்பி ஏத்தினா? வேண்டாம், உடம்பை விட்டுப் பிரிஞ்சா அது முடிஞ்சது. ஆபரேஷன்ல வழியிற ரத்தத்தை மெஷின் உறிஞ்சி, கழுவி, உங்க உடம்போட இணைஞ்ச குழாய் வழியாவே திருப்பி விட்டா? ரொம்ப நேரம் யோசிச்சாங்க, சரின்னாங்க. கடைசியா, "நிக்காம ரத்தம் போய் உயிர் போற நிலைமை வந்தா?" "அப்பவும் வேண்டாம் டாக்டர்." குரல் நடுங்கல. எல்லாத்தையும் கேஸ் ஷீட்ல வரிவரியா எழுதி ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து வாங்கினோம். சாட்சிகள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல மாட்டாங்க, ஆல்புமினும் மெஷினும் அவங்கவங்க மனசாட்சிக்கு விட்டது, அதனால ஒவ்வொருத்தர்கிட்டயும் புதுசா கேக்கணும்.

ஒரு மாசத்துக்கு மேல இரும்பு, கூடவே சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுற எரித்ரோபாய்டின் ஊசி. அந்த ஊசியில சில கம்பெனி மருந்துல ஆல்புமின் கலந்திருக்கும், மருந்துப் பெட்டியைப் பார்த்து அவங்ககிட்ட சொல்லித்தான் போட்டோம். எச்.பி 13 தாண்டுன பிறகுதான் தேதி குறிச்சாங்க.

ஆபரேஷன் அன்னிக்கு தியேட்டரே வேற மாதிரி இருந்துச்சு. ஏசியைக் குறைச்சோம், டிரிப்பை எல்லாம் சூடு பண்ணித் தொங்கவிட்டோம், ஏன்னா உடம்பு குளிர்ந்தா ரத்தம் உறையாது. முதுகுல ஊசி போட்டு பிரஷரைக் கொஞ்சம் கீழயே வச்சிருந்தார் டாக்டர். தோலைக் கீறுறதுக்கு முன்னாடியே டிரானெக்ஸாமிக் ஆசிட் உள்ள போயிருச்சு. சர்ஜன் வழக்கமா பாட்டு போடுவார், அன்னிக்கு போடல. தலைமுடி கனத்துல ஒரு ரத்தக்குழாய் கசிஞ்சாலும் நின்னு காட்டரி வச்சு சுட்டுட்டுதான் அடுத்த அடி. என் வேலை மாப், அதாவது ரத்தத்தை ஒத்தி எடுக்குற துணியை எடை போடுறது. நனைஞ்ச மாப்பைத் தராசுல வச்சு, காஞ்ச மாப்போட எடையைக் கழிச்சா, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி ரத்தம். போர்டுல எழுதிக்கிட்டே வந்தேன், ரத்தத்தை உறிஞ்சிச் சேர்க்குற சக்ஷன் ஜாடியையும் சேர்த்து. சாதாரணமா கண்ணால பார்த்து "ஒரு 300 இருக்கும்"னு சொல்லுவோம். எடை போட்டுப் பார்த்தா கண்ணு எவ்வளவு ஏமாத்தும்னு தெரியும்.

முடிஞ்சு வார்டுக்கு வந்தப்ப எச்.பி 10க்குப் பக்கத்துல. சாயங்காலம் கஞ்சி குடிச்சாங்க. அந்த மெஷின் திருப்பிக் குடுத்தது கொஞ்சம்தான், அது இல்லாமலே ஓடியிருக்கும்னு சர்ஜன் அப்புறம் சொன்னார்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஒண்ணு தோணிச்சு, இன்னும் தோணிக்கிட்டுதான் இருக்கு. அந்தம்மாவுக்குப் பார்த்த பக்குவத்தை "ரத்தம் ஏத்திக்கிறேன்"னு கையெழுத்து போடுற பேஷண்டுக்கு ஏன் பார்க்கிறதில்ல? அவங்களுக்கு மட்டும் ஏன் 8ல இருந்தாலும் "பரவால்ல, ரெண்டு பாட்டில் போட்டுக்கலாம்"?

மார்ச் 10, இரவு

மேல எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தர் "அப்ப ரத்தம் ஏத்துறதே விஷம், எல்லாம் பிசினஸ்"னு பகிர்ந்திருக்கார். தயவுசெஞ்சு எடுத்துருங்க அண்ணே. நான் சொன்னது அது இல்ல.

ரத்தம் மறுத்தவங்க கணக்கை வச்சே சொல்றேன். அமெரிக்காவுல 2002ல வந்த ஆய்வு, ஆபரேஷனுக்குப் பிறகு எச்.பி 8க்குக் கீழ போயும் ரத்தம் ஏத்திக்காத 300 பேர். 7ல இருந்து 8க்குள்ள நின்னவங்கள்ல ஒருத்தரும் சாகல. 4ல இருந்து 5க்குள்ள போனவங்கள்ல மூணுல ஒருத்தர் செத்துப்போனாங்க. அதாவது உடம்பு தாங்கும், ஒரு அளவு வரைக்கும். அதுக்குக் கீழ தாங்காது. நெதர்லாந்துல பிரசவக் கணக்கு பார்த்தப்ப சாட்சிப் பெண்கள் இறக்குற வாய்ப்பு மத்தவங்களைவிட ஆறு மடங்கு. அவ்வளவு வசதியான நாட்டுல.

தாலசீமியாங்கிற பரம்பரை ரத்த நோய் இருக்குற பிள்ளைகளுக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்தினாதான் வாழ்க்கை. லாரி அடிச்சு வர்றவங்களுக்கு ரத்தம் இல்லாம நாங்க என்ன பண்ண முடியும்? வீணாகாம மிச்சப்படுத்துற ஒவ்வொரு யூனிட்டும் அவங்களுக்குப் போகட்டும்னுதான் இவ்வளவு எழுதுறேன். ரத்ததானம் பண்றவங்க நிறுத்திராதீங்க.

மார்ச் 17

"எங்க டாக்டர் 10க்குக் கீழ இருந்தா கண்டிப்பா ஏத்தணும்ங்கிறாரே"ன்னு ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அந்தப் பத்துக்கு ஒரு கதை இருக்கு. 1942ல ஆடம்ஸ், லண்டின்னு ரெண்டு பேர் ஆபரேஷனுக்கு முன்னாடி எச்.பி 10 இருக்குறது நல்லதுன்னு எழுதினாங்க. பெரிய சோதனை எல்லாம் பண்ணி வந்த நம்பர் இல்ல, அவங்க அனுபவம். அது அப்படியே அரை நூற்றாண்டுக்கு மேல உலகம் பூரா சட்டம் மாதிரி ஓடுச்சு.

1999ல கனடாவுல 838 ஐசியு நோயாளிகளை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பக்கம் 10க்குக் கீழ போனா ஏத்துறது, இன்னொரு பக்கம் 7க்குக் கீழ போனாதான். முப்பது நாள்ல இறந்தவங்க முதல் பக்கம் 23.3 சதவீதம், ரெண்டாவது பக்கம் 18.7. இந்த வித்தியாசம் தற்செயலா கூட இருக்கலாம்னு அவங்களே சொன்னாங்க, ஆனா குறைவா ஏத்தினதால யாருக்கும் மோசமாகலங்கிறது உறுதியாச்சு. அதுல இருந்துதான் இன்னிக்கு 7ங்கிற கணக்கு.

ரத்தப்போக்கு இல்லாத ஆளுக்கு ஒரு யூனிட் போட்டா ஏறக்குறைய ஒரு பாயிண்ட் ஏறும். ஒண்ணு போட்டு, ஆளைப் பார்த்து, எச்.பி பார்த்து, அப்புறம் அடுத்தது. ஜோடியாத்தான் போடணும்னு ஒரு பழக்கம் இருக்கு, அதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. ரத்தசோகையில இருக்குற வயசானவங்களுக்கு வேகமா ரெண்டு யூனிட் ஓட விட்டு, ராத்திரி நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு முட்டி, நாங்க நீர் பிரியிறதுக்கு லாசிக்ஸ் ஊசி போட்டு தலைமாட்டை உயர்த்தி உக்கார வச்சு விடிய விடியப் பார்த்த கேஸ் உண்டு.

மார்ச் 17, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல 7னு போட்டதை எல்லாருக்கும்னு எடுத்துக்காதீங்க. மாரடைப்பு வந்து ரத்தசோகையும் இருக்குறவங்களை வச்சு 2023ல 3,500 பேர்கிட்ட ஒரு சோதனை முடிஞ்சது, அதுல 10 பக்கம் வச்சிருக்கிறதுதான் நல்லதோங்கிற மாதிரி வந்திருக்கு, முழுசா நிரூபணமாகல. இதயக் கோளாறு இருந்தா டாக்டர் கொஞ்சம் உயரத்திலேயே வச்சிருப்பார். அவர்கிட்ட இந்த இழையைக் காட்டி சண்டை போடாதீங்க.

மார்ச் 24

பிரசவத்தைப் பத்தி எழுதாம இந்த இழை முழுசாகாது. நம்ம நாட்டுல 15லிருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பெண்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லுது, தமிழ்நாட்டுலயே பாதிக்கு மேல. பாதிப் பேர் கையிருப்பு இல்லாமலே பிரசவத்துக்கு வர்றாங்க.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு பொண்ணு வந்துச்சு, ரெண்டாவது பிரசவம், வழியிலயே குழந்தை பிறந்து வண்டியிலயே ரத்தம் போய்க்கிட்டு இருந்துச்சு. கர்ப்பகால அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், அஞ்சாம் மாசம் எச்.பி 7.4, ஏழாம் மாசம் 7.1, பக்கத்துல "சத்து மாத்திரை கொடுக்கப்பட்டது". அவ்வளவுதான். அந்த மாத்திரை வயித்தைப் புரட்டுதுன்னு அது சாப்பிடவே இல்லையாம், அத்தை அழுதுக்கிட்டே சொன்னாங்க. ரத்தம் வேற ஊர் பிளட் பேங்க்ல இருந்து வரணும். வர்றதுக்குள்ள போயிருச்சு. அந்த அட்டையில இருந்த ரெண்டு நம்பரையும் நான் மறக்கல. ரெண்டு மாசம் கையில இருந்துச்சு, யாரும் "சாப்பிடுறியாம்மா"ன்னு கேக்கல.

இப்ப நிலைமை மாறியிருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் போடுறாங்க, காசு இல்லாம. மாத்திரை ஒத்துக்கலன்னா கூச்சப்படாம சொல்லுங்க. தினமும் முடியலன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலும் உடம்பு நல்லாவே எடுத்துக்குதுன்னு சுவிட்சர்லாந்துல 2017ல ஆராய்ஞ்சு சொல்லியிருக்காங்க. கர்ப்பிணிகள் மட்டும் நர்ஸம்மாகிட்ட கேட்டுட்டு மாத்துங்க.

மார்ச் 24, மாலை

ரத்தப்போக்கு ஆரம்பிச்சுட்டா என்னென்ன இருக்குன்னு கேட்ட தங்கச்சிக்கு.

டிரானெக்ஸாமிக் ஆசிட்டை இவ்வளவு தடவை சொல்லிட்டேன், யார் கண்டுபிடிச்சதுன்னும் சொல்லணும். ஜப்பான்ல உட்டாகோ ஒகாமோட்டோ, ஷோசுகே ஒகாமோட்டோன்னு புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேரும் விஞ்ஞானிகள், 1962ல வெளியிட்டாங்க. பிரசவத்துல தாய்மார் சாகுறதைத் தடுக்கணும்கிறதுதான் அந்தம்மா ஆசை. கைக்குழந்தையை முதுகுல கட்டிக்கிட்டு ஆய்வுக்கூடத்துல வேலை பார்த்தவங்க. ஆனா அது பிரசவத்துல உயிரைக் காப்பாத்துதுன்னு பெரிய அளவுல நிரூபிக்க 2017 ஆயிருச்சு, 20,000க்கு மேல தாய்மார்கள், 21 நாடு. மூணு மணி நேரத்துக்குள்ள போட்டா ரத்தப்போக்குல சாகுறது மூணுல ஒரு பங்கு குறையுது. உட்டாகோ அதுக்கு முந்தின வருஷமே காலமாயிட்டாங்க. விபத்துக் காயத்துக்கும் இதே மருந்துதான், 2010ல 40 நாட்டுல சோதிச்சாங்க. விலை ரொம்பக் குறைவு.

அடுத்து டாக்கா மெடிக்கல் காலேஜ் சாயிபா அக்தர். விலையுயர்ந்த பலூன் வாங்க வழியில்லாத இடத்துல, ரப்பர் கதீட்டர் (மெல்லிய குழாய்) நுனியில ஒரு ஆணுறையைக் கட்டி, கர்ப்பப்பைக்குள்ள வச்சு சலைன் ஊத்தி ஊதவச்சாங்க. உள்ள இருந்து அழுத்துனதும் ரத்தம் நின்னுச்சு. 2003ல 23 பேர் கணக்கை வெளியிட்டாங்க, 23 பேருக்கும் நின்னுருச்சு. எங்க லேபர் வார்டுல இதைக் கட்டிக் கட்டிப் பழகியிருக்கோம், நூல் முடிச்சு இறுக்கமா இல்லன்னா சலைன் கசிஞ்சிரும், அதுல இருக்கு கைவேலை.

108 வண்டியில ஒரு ஊதா கலர் உடுப்பு பார்த்திருப்பீங்க சில பேர், ஒட்டுற பட்டை வச்சது. கணுக்கால்ல இருந்து மேல மேல இறுக்கிக் கட்டணும், காலுல இருக்குற ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் போயிரும், பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர நேரம் கிடைக்கும். நேரம் வாங்கிக் குடுக்குறதுதான் அதோட வேலை, அவசரப்பட்டு நடுவழியில கழட்டிரக்கூடாது.

ஆப்பிரிக்காவுல நாலு நாட்டுல 80 ஆஸ்பத்திரியில இன்னொண்ணு பண்ணிப் பார்த்தாங்க, 2023ல வந்துச்சு. பிரசவம் ஆனதும் இடுப்புக்குக் கீழ அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, ரத்தம் எந்தக் கோட்டைத் தொடுதுன்னு பார்த்ததும் மசாஜ், மருந்து, டிரிப் எல்லாத்தையும் ஒண்ணா ஆரம்பிக்கிறது. ஆபத்தான ரத்தப்போக்கு 60 சதவீதம் குறைஞ்சிருச்சு. என் மாப் தராசுக்கு அக்கா அந்த விரிப்பு!

ஏப்ரல் 7

கேள்வி கேட்ட தம்பி தனிச்செய்தி அனுப்பியிருக்கார். டாக்டர் கோவப்படல, "நீங்க தள்ளச் சம்மதிப்பீங்களான்னு தெரியாமத்தான் ரத்தம் கேட்டேன்"னாராம். ஊசி போட்டாச்சு, போக்கு நின்னுருச்சு, எச்.பி 9.8க்கு வந்திருக்கு. இன்னும் ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்காங்க. அம்மா இப்ப மாடிப்படி ஏறும்போது நிக்கிறதில்லையாம். படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு எனக்கு.

இதை ஒரு ஆஸ்பத்திரிக்கு, ஒரு டாக்டருக்குன்னு விடாம முறையாவே பண்ணா என்ன ஆகும்னு மேற்கு ஆஸ்திரேலியா பண்ணிக் காட்டுச்சு. 2008ல ஆரம்பிச்சாங்க, நாலு பெரிய ஆஸ்பத்திரி, ஆறு வருஷத்துல 6 லட்சத்துக்கு மேல நோயாளிகள். ஏத்துன ரத்தம் 41 சதவீதம் குறைஞ்சது. ஆஸ்பத்திரி மரணம் 28 சதவீதம், தொற்று 21 சதவீதம் குறைஞ்சது. ரத்தம் குறைச்சதால மட்டும் அவ்வளவும் குறைஞ்சுதுன்னு நான் சொல்லமாட்டேன், நோயாளியை முன்கூட்டியே நல்லா கவனிச்சதோட பலன் அதுல நிறைய இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் 2021ல எல்லா நாடும் இப்படிச் செய்யணும்னு கேட்டுக்கிச்சு.

ஐசியுவுல வேலை பார்க்குற பிள்ளைங்க யாராவது படிச்சா ஒரு விஷயம். காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, நடுவுல நாலு ஏபிஜி (ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு பார்க்குற சோதனை), ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாய்ல போட்ட லைன்ல முதல்ல வர்ற சில மில்லியைக் கீழ கொட்டிட்டு அப்புறம் சாம்பிள். ஒரு வாரத்துல ஒரு யூனிட் ரத்தத்தை நாமளே எடுத்து லேபுக்கு அனுப்பிட்டு, எட்டாம் நாள் எச்.பி குறைஞ்சிருச்சுன்னு ரத்தம் கேட்டு நிக்கிறோம். கனடாவுல 25 ஐசியுவுல சாம்பிள் எடுக்க சின்ன டியூப் மாத்துனாங்க, வேற எதுவும் மாத்தல, 100 நோயாளிக்கு ஏறக்குறைய 10 யூனிட் மிச்சம்.

ஏப்ரல் 21

பிள்ளைகளுக்கு அப்பா அம்மா ரத்தம் வேண்டாம்னு சொன்னா என்ன செய்வீங்கன்னு ஒருத்தர். பெரியவங்க தெளிவா மறுத்தா மதிக்கணும், நோயாளியோட சம்மதம் இல்லாம கை வைக்கக்கூடாதுன்னு 2008ல உச்ச நீதிமன்றமே சமீரா கோலி வழக்குல சொல்லியிருக்கு. குழந்தை விஷயம் வேற. அது எந்த நம்பிக்கையையும் தானா தேர்ந்தெடுக்கல. பிரிட்டன், அமெரிக்காவுல கோர்ட்டே உத்தரவு போட்டு ஏத்தச் சொல்லும். என் மனசும் அந்தப் பக்கம்தான். ஆனா அந்தப் பெத்தவங்க பிள்ளை மேல பாசம் இல்லாதவங்கன்னு யாரும் எழுதாதீங்க, தியேட்டர் வாசல்ல அவங்க முகத்தை நான் பார்த்திருக்கேன்.

மதத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாதவங்களும் இருக்காங்க. பம்பாய் ரத்த வகை, 1952ல பேண்டே கண்டுபிடிச்சது, நம்ம நாட்டுல ஏறக்குறைய பத்தாயிரத்துல ஒருத்தருக்கு. அவங்களுக்கு ஓ குரூப் கூட சேராது. அவங்க ஆபரேஷனுக்கு வந்தா, டீச்சருக்குப் பார்த்த அதே பக்குவம்தான் கைகுடுக்கும்.

மே 5

ரத்தத்தைக் கழுவித் திருப்பிக் குடுக்குற மெஷின் பத்தி நிறைய பேர் கேக்குறீங்க. பெரிய இதய ஆஸ்பத்திரிகள்ல இருக்கும், சின்ன ஊர்ல கிடைக்காது. ஒவ்வொரு பேஷண்டுக்கும் புது செட் மாட்டணும், அதுக்குத் தனிச்செலவு, அதனால நிறைய ரத்தம் போகும்னு தெரிஞ்ச ஆபரேஷனுக்குத்தான் லாபம். குடல் கிழிஞ்சு மலம் கலந்த இடத்துல உறிஞ்ச மாட்டாங்க. புத்துநோய் ஆபரேஷன்ல தயங்குவாங்க, வடிகட்டி போட்டுப் பண்றவங்களும் இருக்காங்க.

அது இல்லன்னு மனசு விடாதீங்க. தேதி குறிக்கிற அன்னிக்கே எச்.பி எவ்வளவுன்னு கேளுங்க, 11க்குக் கீழன்னா ஏன் குறைஞ்சதுன்னு கேளுங்க, ஃபெரிட்டின் (உடம்புல சேமிச்சிருக்குற இரும்போட அளவு) பார்க்கச் சொல்லுங்க. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் இளக்குற மாத்திரை சாப்பிட்டா கட்டாயம் சொல்லுங்க, நீங்களா நிறுத்திராதீங்க, ஸ்டென்ட் வச்சவங்க நிறுத்தினா ஆபத்து. நாட்டு மருந்து, மீன் எண்ணெய் கேப்சூல் எது சாப்பிட்டாலும் அதையும் சொல்லுங்க.

இரும்பு ஊசி போடும்போது நெஞ்சு இறுக்கமோ உடம்பு அரிப்போ வந்தா உடனே நர்ஸைக் கூப்பிடுங்க, அரை மணி நேரம் அங்கேயே உக்காந்துட்டுப் போங்க. டிரிப் ஊசி நரம்பை விட்டு வெளிய போயிருச்சுன்னா தோல்ல பழுப்புக் கறை விழுந்து மாசக்கணக்குல போகாது, அதனால கையில எரிச்சல் தெரிஞ்ச உடனே சொல்லிருங்க, நாங்க நிறுத்தி வேற கையில போட்டுவிடுறோம்.